கறுப்பு நீர் ஊரில் ஒரு வெள்ளைக் கோடு

ஜொகூர் பாருவிலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் வந்தால் ஆயர் ஈத்தாம் டோல் சாவடி வரும். கோலாலம்பூர் போகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போய்விடுவார்கள். நானும் எத்தனையோ முறை அப்படித்தான் போயிருக்கிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் முதன்முறையாக வண்டியை உள்ளே திருப்பினேன். பக்கத்து இருக்கையில் அப்பா. பின்னால் ஏழாம் நம்பர் இரும்பு மட்டை ஒன்று, ஒரு பை நிறைய பழைய கோல்ஃப் பந்துகள், அம்மா கொடுத்தனுப்பிய ஒரு பொட்டலம் கோலமாவு.

கோல்ஃப் மட்டைக்கும் கோலமாவுக்கும் என்ன சம்பந்தம் என்று அம்மாவும்தான் கேட்டார். "கொடு, சொல்றேன்" என்று மட்டும் சொன்னார் அப்பா.

விஷயம் இதுதான். நான் வேலை செய்யும் நிறுவனத்தில் ஆண்டுக்கொரு முறை வாடிக்கையாளர்களோடு கோல்ஃப் போட்டி நடக்கும். இந்த ஆண்டு என் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். நான்கு மாதமாகப் பயிற்சிக் கூடத்தில் பந்து அடித்துக்கொண்டிருந்தேன். அங்கே செயற்கைப் புல் விரிப்பின் மேல் பந்து அழகாகப் பறந்தது. தைரியமாக ஒருநாள் உண்மையான திடலுக்குப் போனேன். அங்கே என் மட்டை பந்தைத் தொடுவதற்கு முன்பே தரையைத் தோண்டியது. பந்து பத்தடி தள்ளிப் போய் விழுந்தது. அடுத்த அடியில் மட்டையின் விளிம்பு பந்தின் நடு வயிற்றில் பட்டு, பந்து தரையோடு தரையாகச் சீறிக்கொண்டு மணல் குழிக்குள் ஓடியது. கூட வந்த மூவரும் நல்லவர்கள், யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் சிரிக்காததுதான் எனக்கு அதிகம் வலித்தது.

வீட்டில் புலம்பியபோது அப்பா தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "மண்ணு முன்னால பேருதா, பின்னால பேருதா?"

நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா வாழ்நாளில் கோல்ஃப் ஆடியதாக எனக்குத் தெரியாது.

"பந்துக்குப் பின்னால, ப்பா."

"அப்போ எல்லாம் ஒரே நோய்தான். ஞாயித்துக்கெழம ஆயர் ஈத்தாம் போவோம். மட்டய எடுத்துக்க."

நாற்சந்தியில் ஒரு ஊர்

ஆயர் ஈத்தாம், பத்து பகாட் மாவட்டத்தில் இருக்கிற சிறிய ஊர். 'ஆயர்' என்றால் நீர். 'ஈத்தாம்' என்றால் கறுப்பு. காட்டில் மக்கிய இலை தழைகளின் சாயம் இறங்கி, காப்பி நிறத்தில் ஓடும் ஆறுகள் நம் நாட்டில் பல. அதனால் இந்தப் பெயரும் பல இடங்களில் உண்டு. பினாங்கில் கெக் லோக் சி கோயில் இருக்கிற ஆயர் ஈத்தாம் வேறு, இது வேறு.

பழைய காலத்தில் இந்த ஊரைத் தொடாமல் தெற்கே போக முடியாது. வடக்கு தெற்காகப் போகும் முதலாம் எண் கூட்டரசு சாலையும், மேற்கே பத்து பகாட்டையும் கிழக்கே குளுவாங், மெர்சிங்கையும் இணைக்கும் 50ஆம் எண் சாலையும் சந்திக்கும் இடம் இது. சிங்கப்பூர் பேருந்துகளும் லாரிகளும் இங்கே நிற்கும். இறங்கியவர்கள் தே தாரிக் குடிப்பார்கள், குரோப்போக் வாங்குவார்கள், பீங்கான் பூஞ்சாடி ஒன்றைப் பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டு ஏறுவார்கள். 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்த பிறகு அந்தக் கூட்டம் நெடுஞ்சாலையோடு போய்விட்டது. ஆனாலும் சாலையோரத்தில் மட்பாண்டக் கடைகள் இன்னும் இருக்கின்றன. யானை, தவளை, பூந்தொட்டி, உண்டியல், மழைநீர் பிடிக்கும் பெரிய ஜாடி என்று வாசலெல்லாம் அடுக்கி வைத்திருக்கிறார்கள். மச்சாப் பக்கம் அவ் பொட்டரி என்ற பழைய மட்பாண்டக் கூடம் இருக்கிறது. மலைப்பாம்பு படுத்திருப்பது போல நீளமாகச் சாய்ந்து கிடக்கும் டிராகன் சூளையைப் பார்க்கப் பிள்ளைகளை அழைத்துப் போகலாம்.

நாங்கள் ஊருக்குள் ஒரு கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டோம். அப்பா தேநீரை ஆற்றியபடியே நாற்சந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இங்கதான் உங்க தாத்தா எனக்கு மொத மொத செருப்பு வாங்கிக் குடுத்தாரு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

காட்டுப் பிசினும் கோல்ஃப் பந்தும்

ஆயர் ஈத்தாமில் நின்றுகொண்டு கோல்ஃப் பற்றிப் பேசுவது பொருத்தமில்லாதது போலத் தோன்றும். ஆனால் இந்த விளையாட்டில் இரும்பு மட்டைக்கு மதிப்பு வந்ததற்கு இந்தப் பக்கத்துக் காடுகளும் ஒரு காரணம்.

19ஆம் நூற்றாண்டின் முதற்பாதி வரை ஸ்காட்லாந்தில் கோல்ஃப் பந்து என்றால், தோல் உறைக்குள் வேகவைத்த இறகுகளைத் திணித்துத் தைத்த உருண்டைதான். கைதேர்ந்த ஒருவரே ஒரு நாளில் சில பந்துகளைத்தான் செய்ய முடியும். விலையும் அதிகம். இரும்பு மட்டையால் தவறாக அடித்தால் தையல் பிரிந்து, இறகு வெளியே வந்துவிடும். அதனால் பெரும்பாலும் மரமட்டைகளையே பயன்படுத்தினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மலாய்க்காரர்கள் 'கெத்தா பெர்ச்சா' என்று அழைத்த காட்டுப் பிசின் ஐரோப்பாவுக்குப் போனது. வெந்நீரில் போட்டால் மாவு போல இளகும், ஆறினால் இறுகிவிடும். சிங்கப்பூரில் பணியாற்றிய வில்லியம் மாண்ட்கமரி என்ற மருத்துவர் 1840களில் அதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். அதற்கு உலகச் சந்தையில் திடீரென்று விலை ஏறியது. ஜொகூர் காடுகளில் பிசின் எடுக்கும் வணிகத்தைத் தன் கையில் வைத்திருந்த தெமெங்கோங் இப்ராகிம் அதில் பெரும் செல்வம் சேர்த்தார். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகவும் இதே பிசின்தான் போனது. மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வழக்கம் அதற்கு இல்லை, வெட்டிச் சாய்த்துத்தான் எடுத்தார்கள். அதனாலேயே அந்த மரங்கள் வேகமாக அழிந்தன.

1848 வாக்கில் இந்தப் பிசினை உருட்டிச் செய்த கோல்ஃப் பந்து ஸ்காட்லாந்தில் புழக்கத்துக்கு வந்தது. ராபர்ட் பேட்டர்சன் என்பவர்தான் அதை முதலில் செய்தார் என்பார்கள். கீழைத் தேசத்திலிருந்து வந்த ஒரு விஷ்ணு சிலையைச் சுற்றிப் பாதுகாப்புக்காக வைத்திருந்த பிசின் துண்டுகளை உருக்கித்தான் அவர் பந்து செய்தார் என்று ஒரு கதையும் உண்டு. கதை எப்படியோ, அந்தப் பந்து மலிவு. இரும்பால் அடித்தாலும் கிழியாது. நசுங்கினால் வெந்நீரில் போட்டு மறுபடியும் உருட்டிக்கொள்ளலாம். அடிபட்டுக் கீறல் விழுந்த பந்து புதுப் பந்தைவிட நேராகப் பறப்பதையும் அப்போதுதான் கவனித்தார்கள். இன்றைய பந்தில் இருக்கும் குழிகளுக்கு அதுதான் தொடக்கம். இரும்பு மட்டைகள் பெருகியதும் அதன் பிறகுதான்.

1898இல் அமெரிக்காவின் கோபர்ன் ஹாஸ்கெல் ரப்பர் நூலைச் சுற்றிப் பந்து செய்தபோது பிசின் பந்தின் காலம் முடிந்தது. ரப்பர் வந்த பிறகு நம் மக்களின் கதையும் அதோடு சேர்ந்துகொண்டது. அதைச் சொல்ல வேண்டியதில்லை.

தொரையின் பை

அப்பா பிறந்தது ஆயர் ஈத்தாமுக்கும் குளுவாங்குக்கும் இடையில் இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில். லயத்து வீடு. பாட்டி பால்மரம் வெட்டினார். தாத்தாவுக்குப் புல் வெட்டும் வேலை. தோட்டத்தில் துரைமார்கள் ஆட ஒன்பது குழி கோல்ஃப் திடல் ஒன்று இருந்தது. அந்தத் திடலின் புல்லும் தாத்தாவின் பொறுப்பு. அப்போதெல்லாம் பல தோட்டங்களில் இப்படிச் சின்னத் திடல்கள் உண்டு. துரை ஆட, கிராணி எண்ணிக்கை எழுத, நம் பையன்கள் பை தூக்குவார்கள்.

அப்பா பதினோரு வயதில், 1968இல், கேடியாக பை தூக்கத் தொடங்கினார். ஒன்பது குழிக்கு ஐம்பது காசு. பை அவர் உயரம் இருக்கும். பந்து எங்கே விழுகிறது என்று பார்த்து வைக்க வேண்டும், பெயர்ந்த புல்லை எடுத்து வைக்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. மட்டையைத் துடைக்கலாம், வீசக் கூடாது. ஒருமுறை ஆளில்லாத நேரத்தில் துரையின் மட்டையை எடுத்து வீசிப் பார்த்திருக்கிறார். யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள். மறுநாள் பெரட்டில், எல்லார் முன்னாலும், தாத்தாவை நிறுத்தி வைத்து ஏசினார்கள். மகன் செய்ததற்கு அப்பனுக்கு ஏச்சு.

"உங்க தாத்தா என்னைய அடிக்கல. ஒரு வார்த்த கேக்கல. அதுக்கப்புறம் நான் மட்டயத் தொட்டதில்ல" என்றார் அப்பா.

இதை எனக்கு இருபத்தொன்பது வயதாகும்வரை அவர் சொன்னதில்லை. அன்று வண்டியில், செம்பனை மரங்களுக்கு நடுவே போகும் சாலையில்தான் சொன்னார்.

ஆனால் பையன்கள் சும்மா இருப்பார்களா? உடைந்து தூக்கிப் போட்ட ஒரு இரும்பு மட்டையின் தலைக்கு ரோத்தான் பிரம்பைச் செருகி, ஒரு கூட்டாளி மட்டை செய்து வைத்திருந்தானாம். லயத்துக்குப் பின்னால் கல்லும் மண்ணுமான இடத்தில், காலில் செருப்பில்லாமல் மற்றவர்கள் அடிப்பார்கள். அப்பா தள்ளி நின்று பார்ப்பார். மூன்று ஆண்டு பை தூக்கியதில், யார் அடித்தால் பந்து எப்படிப் போகும் என்பதை மட்டை பந்தில் படும் சத்தத்திலேயே சொல்லிவிடுவாராம்.

நம் பையன்கள் பலர் இப்படித்தான் கோல்ஃபைக் கற்றார்கள். நம்மவர்களில் மேலே வந்தவர்களும் உண்டு. மாரிமுத்து ராமையாவும் பெரியசாமி குணசேகரனும் உலகக் கோப்பை கோல்ஃப் போட்டியில் மலேசியாவின் சார்பில் ஆடியவர்கள். ராமையா பெயர் தமிழ்ப் பத்திரிகையில் வந்தபோது, "எழுத்தாளர் மா. இராமையாவா?" என்று லயத்தில் ஒருவர் கேட்டதாகவும், "அவரு பேனா புடிக்கிறவரு, இவரு மட்ட புடிக்கிறவரு" என்று தாத்தா சொன்னதாகவும் அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். பிஜித் தீவின் விஜய் சிங்கும் 1980களில் கிழக்கு மலேசியாவில் கிளப் பயிற்றுநராக வேலை பார்த்தவர்தான். சம்பளத்துக்குப் பாடம் சொல்லிவிட்டு, மீதி நேரமெல்லாம் தனக்காகப் பந்து அடித்துக்கொண்டிருந்தார். அவர் 2000இல் மாஸ்டர்ஸ் பட்டம் வென்றார். 2004இல் டைகர் வுட்சைத் தாண்டி உலகின் முதல் இடத்துக்கு வந்தார்.

திடல் இருந்த இடம்

தோட்டம் இப்போது இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்களை இடித்துவிட்டார்கள். எங்கள் குடும்பம் 1980களில் ஜொகூர் பாருவுக்கு வந்துவிட்டது. ஒன்பது குழிகள் இருந்த மேட்டில் வரிசை வரிசையாகச் செம்பனை. எங்கே குழி, எங்கே மேடு என்று அப்பாவுக்கே அடையாளம் தெரியவில்லை. ஒரு பழைய மாரியம்மன் கோயிலும், அதற்கு எதிரே காற்பந்துத் திடல் ஒன்றும் மட்டும் மிச்சம் இருந்தன. கோல் கம்பம் துருப்பிடித்து நின்றது. அகல இலைப் புல், இரவு மழையில் நனைந்து சொதசொதவென்று இருந்தது.

"இதுதான் நல்ல எடம். விரிப்பு பொய் சொல்லும், ஈரப் புல்லு சொல்லாது" என்றார் அப்பா.

அது உண்மை. பயிற்சிக் கூடத்து விரிப்பில் மட்டை பந்துக்குப் பின்னால் பட்டாலும் வழுக்கிக்கொண்டு பந்தை அடித்துவிடும். நாம் நன்றாக அடித்ததாக நினைத்துக்கொள்வோம். ஈர மண்ணில் மட்டை புதைந்து நின்றுவிடும். நம் நாட்டில், அதுவும் ஆண்டுக் கடைசி மழைக் காலத்தில், இந்தத் தவறுக்குத் தண்டனை அதிகம்.

அப்பா கோலமாவுப் பொட்டலத்தைப் பிரித்தார். குனிய முடியாமல் முட்டியைப் பிடித்துக்கொண்டு, புல்லின் மேல் ஒரு முழ நீளத்துக்கு நேர்க்கோடு ஒன்று இழுத்தார். அம்மா பார்த்திருந்தால் கோட்டைக் குறை சொல்லியிருப்பார்.

"பந்து வேணாம். கோடு உன் ரெண்டு காலுக்கும் நடுவுல, கொஞ்சம் எடது கால் பக்கமா இருக்கட்டும். மட்டய வீசு. மட்ட எங்க புல்லத் தொடுதுன்னு பாரு."

வீசினேன். கோட்டுக்கு ஒரு சாண் பின்னால், வலது கால் பக்கமாக, மண் பெயர்ந்தது. மறுபடி வீசினேன். அதே இடம். பத்து முறை வீசினேன். பத்தில் எட்டு, கோட்டுக்குப் பின்னால்தான்.

"பந்து இருந்திருந்தா அந்தக் கோட்டு மேல இருந்திருக்கும். நீ அதுக்கு முன்னாடியே மண்ண அடிச்சிட்ட. இதுதான் மண்ணடி" என்றார்.

ஒரே நோய், இரண்டு அறிகுறி

அப்பா அவர் மொழியில் சொன்னதை நான் என் பொறியியல் மொழியில் சொல்லிப் பார்க்கிறேன்.

மட்டை ஒரு வட்டத்தில் சுழல்கிறது. அந்த வட்டத்துக்கு ஓர் அடிப்புள்ளி உண்டு. இரும்பு மட்டையில் அந்த அடிப்புள்ளி பந்துக்கு முன்னால், அதாவது பந்து போக வேண்டிய திசையில், இருக்க வேண்டும். தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு அது பந்தைத் தாண்டி 10 சென்டிமீட்டர் வாக்கில் இருக்கும். அப்போது மட்டை கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போதே பந்தைச் சந்திக்கிறது. முதலில் பந்து, பிறகு மண். பெயரும் புல் பந்து இருந்த இடத்துக்கு அப்பால்தான் பெயரும். ரேடார் கருவியால் அளந்து பார்த்தால், அமெரிக்கத் தொழில்முறை ஆண்கள் ஏழாம் நம்பர் மட்டையில் சராசரியாக நான்கு பாகை வாக்கிலும், பெண்கள் இரண்டு பாகை வாக்கிலும் கீழ்நோக்கி அடிக்கிறார்கள். கோடாலியால் பிளப்பது போல அல்ல, மிக மெல்லிய சரிவுதான்.

அடிப்புள்ளி பந்துக்குப் பின்னால் விழுந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். மட்டை மண்ணில் புதைந்து வேகம் இழக்கும். அல்லது மண்ணைத் தப்பி மேலே எழும்பும்போது, விளிம்பு பந்தின் நடுவில் மோதும். பந்தின் விட்டம் 43 மில்லிமீட்டர்தான். அதன் நடு, தரையிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த இரண்டு சென்டிமீட்டருக்குள்தான் எல்லாம் தீர்மானமாகிறது. பந்தும் மட்டையும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரமோ ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. நான் அடித்த மண்ணடியும், மணல் குழிக்குள் சீறி ஓடிய பந்தும் வேறு வேறு தவறுகள் என்று நினைத்து, ஒன்றைச் சரிசெய்ய மற்றதைக் கெடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா சொன்னதுபோல இரண்டும் ஒரே நோய்.

நோய்க்குக் காரணம் என்ன? பந்தை மேலே தூக்க வேண்டும் என்ற ஆசை. தூக்கப் பார்க்கும்போது உடல் எடை வலது காலில் தங்கிவிடுகிறது. மணிக்கட்டு முன்கூட்டியே உதறுகிறது. வட்டத்தின் அடிப்புள்ளியும் உடலோடு சேர்ந்து பின்னால் போய்விடுகிறது. ஆனால் பந்தைத் தூக்குவது நம் வேலை அல்ல. இன்றைய ஏழாம் நம்பர் மட்டையின் முகமே 30 பாகை வாக்கில் சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வு பந்தைத் தூக்கிக்கொள்ளும். நாம் கீழே அடித்தால் பந்து தானாக மேலே போகும்.

புல் வெட்டுகிறவரின் கால்

"சரிப்பா, எடையை எப்படி முன்னால கொண்டு போறது?" என்று கேட்டேன். எத்தனையோ காணொளிகளில் பார்த்தும் பிடிபடாத விஷயம் அது.

அப்பா என் கையிலிருந்து மட்டையை வாங்கவில்லை. வெறுங்கையை மட்டும் வீசிக் காட்டினார். "உங்க தாத்தா புல்லு வெட்டுறதப் பாத்திருக்கணும் நீ. நீளக் கத்தி. இப்படி வீசுவாரு. கத்தி மண்ணுல பட்டா மொன மழுங்கிப் போகும், புல்லுக்கு மேல போனா புல்லு படுத்துக்கும். வேரு ஓரத்துல தொட்டுட்டுப் போகணும். ஒவ்வொரு வீச்சுக்கும் முன்கால ஊணி முன்னால போவாரு. பின்கால்ல நின்னு புல்லு வெட்டுனா ஒரு பாத்தி முடிக்க முடியாது. நான் தொரையப் பாத்துக் கத்துக்கல. அவரு அடிக்கிறதெல்லாம் மண்ணடிதான். தாத்தாவப் பாத்துத்தான் கத்துக்கிட்டேன்."

கை மேலே போய்க் கீழே வரத் தொடங்கும் முன்பே இடது கால் தரையை அழுத்த வேண்டும். மட்டை பந்தைத் தொடும்போது எடையில் பெரும்பகுதி இடது காலில் இருக்க வேண்டும். கைகள் மட்டைத் தலைக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். முடிந்த பிறகு வலது குதிகால் மேலே எழும்பி, இடது காலில் அசையாமல் மூன்று எண்ணும்வரை நிற்க முடிய வேண்டும். நிற்க முடியவில்லை என்றால் எடை போகவில்லை என்று அர்த்தம்.

அரை மணி நேரம் பந்தே இல்லாமல் கோட்டை மட்டும் அடித்தேன். கோடு அழிந்ததும் அப்பா அடுத்த கோடு போட்டார். முதலில் இடுப்பு உயரத்துக்கு மட்டும் மட்டையைத் தூக்கி வீசச் சொன்னார். மண் பெயரும் இடம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே வந்தது. கோட்டின் மேல் வந்தது. பிறகு ஒருமுறை, கோட்டுக்கு அப்பால் நான்கு விரல் தள்ளி, புல் மெல்லிசாகச் சீவிக்கொண்டு போனது.

"இப்ப பந்து வை."

வைத்தேன். அடித்தேன். அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நான்கு மாதமாக நான் கேட்டிராத சத்தம். கையில் அதிர்வே இல்லை. பந்து கோல் கம்பத்தைத் தாண்டி, செம்பனை வரிசைக்கு முன்னால் போய் விழுந்தது. அப்பா பந்தைப் பார்க்கவே இல்லை. கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த பந்து மண்ணடி. அதற்கடுத்ததும் மண்ணடி. ஒரே காலையில் எல்லாம் சரியாகிவிடாது. ஆனால் முன்பெல்லாம் என்ன தவறு என்றே தெரியாது. இப்போது கோட்டைப் பார்த்தால் தெரிகிறது.

நீங்களும் செய்து பார்க்கலாம்

கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு: கோலமாவு இல்லையென்றால் சுண்ணாம்புப் பொடியோ ஒரு நூலோ போதும். திடலில் கோடு போட முடியாத இடத்தில், பந்துக்கு ஒரு சாண் பின்னால் ஒரு துவாலையை மடித்து வையுங்கள். துவாலையைத் தொடாமல் பந்தை அடிக்க வேண்டும். செயற்கை விரிப்பிலும் இது உண்மையைச் சொல்லிவிடும். நூறு பந்து அடிப்பதைவிட, கோட்டின் மேல் இருபது வீச்சும் அதன் பிறகு பத்துப் பந்தும் மேல். கடைசியாக, சொந்தமல்லாத இடத்தில் புல்லைப் பெயர்க்கும் முன் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் கோயில் பூசாரியிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்கினோம்.

ஆடாதவர்களுக்கும் ஆயர் ஈத்தாம் ஒரு நல்ல அரை நாள் பயணம். காலையில் மட்பாண்டக் கடைகளைப் பார்த்துவிட்டு, கிழக்கே குளுவாங் போய், பழைய ரயில் நிலையக் காப்பிக் கடையில் ரொட்டியும் காப்பியும் சாப்பிட்டுவிட்டு மாலைக்குள் ஜொகூர் பாரு திரும்பிவிடலாம். வழியில் உங்கள் குடும்பத்தின் பழைய தோட்டம் ஏதாவது இருந்தால், பெரியவர்களையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு பந்து

வெயில் ஏறிவிட்டது. பந்துகளைப் பொறுக்கிப் பையில் போட்டுவிட்டு வந்தேன். அப்பா கோல் கம்பத்தின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மட்டையை அவரிடம் நீட்டினேன்.

"வேணாம்மா. முட்டி வலி."

"ஒரே ஒரு பந்துப்பா. யாரும் ஏச மாட்டாங்க."

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அப்பா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மட்டையை வாங்கினார். பிடியைத் தன் சட்டையில் துடைத்தார். பிறகு மட்டையின் முகத்தையும் துடைத்தார். ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

பாதி உயரத்துக்குத்தான் மட்டை போனது. வீச்சு மெதுவாகத்தான் இருந்தது. ஆனால் முன்கால் முதலில் ஊன்றியது. அந்தச் சத்தம் வந்தது. பந்து அதிக தூரம் போகவில்லை, எழுபது எண்பது மீட்டர் இருக்கும். நேராகப் போனது.

அப்பா பந்து விழுந்த இடத்தைப் பார்க்கவில்லை. நான்கு அடி தள்ளிக் கிடந்த புல் திட்டை நொண்டி நொண்டிப் போய் எடுத்து வந்தார். பெயர்ந்த இடத்தில் வேர்ப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, வெறுங்காலால் மெல்ல மிதித்து அமுக்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, நான் காலையிலிருந்து பெயர்த்துப் போட்டதையெல்லாம் கையால் காட்டினார்.

"அதயும் எடுத்து வை" என்றார். "மழை வருது. ஒரு வாரத்துல புடிச்சிக்கும்."